இ-கோர்ட்ஸ் செயலி: அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கை மூன்று கோர்ட்டிலும் பின்தொடர்ந்த அனுபவம்

வழக்கு நடக்கிற வீட்டில் எப்போதும் ஒரே கேள்விதான்: "அடுத்த வாய்தா எப்போ?" முன்பு அதைத் தெரிந்துகொள்ள வக்கீல் குமாஸ்தாவைத்தான் பிடிக்க வேண்டும். அவர் கையில் டைரி இருந்தால் சொல்வார், இல்லாவிட்டால் சாயங்காலம் கூப்பிடச் சொல்வார். இப்போது இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியைப் போனில் வைத்திருந்தால் நாமே பார்த்துக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி மேற்பார்வையில் மத்திய அரசின் தேசியத் தகவல் மையம் (என்.ஐ.சி.) உருவாக்கியது. முழுக்க இலவசம். இதைச் சொல்லக் காரணம், எங்கள் ஊரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வழக்கு நிலவரம் பார்த்துச் சொல்ல ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மதுரை ஐகோர்ட் கிளை என்று போய், இப்போது மறுபடி முன்சீப் கோர்ட்டில் நிற்கிறது. செயலி வந்த பிறகு எல்லாவற்றையும் இதில்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். செயலி நல்ல செயலி. ஆனால் அதில் வருகிற ஒரு வரியைச் சரியாகப் புரிந்துகொள்ள, எந்தக் கோர்ட் எதை விசாரிக்கும், எதை விசாரிக்காது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் செயலி சொல்லாது. அதனால் இந்த விமர்சனத்தில் கோர்ட்டுகளைப் பற்றியும் நிறைய இருக்கும்.

முதலில் சி.என்.ஆர். எண். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் இலக்கமுமாக ஓர் எண் உண்டு. முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு எந்தக் கோர்ட், பதிவு எண், கடைசி நான்கு இலக்கம் வருடம். இந்த எண்ணைப் போட்டால் வழக்கின் முழுப் பக்கமும் வந்துவிடும். எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வக்கீல் பெயர் எதைக் கொண்டும் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம் வரும். 'சுப்பம்மாள்' என்பதை நாலு விதமாக எழுதலாம் அல்லவா? முதல் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டு, வருடத்தைக் கொடுத்துத் தேடினால் கிடைத்துவிடும். கிடைத்ததும் 'என் வழக்குகள்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஒரு தட்டில் திறக்கும்.

வழக்குப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வாய்தா வரலாறு. ஒவ்வொரு தேதியையும் தொட்டால் அன்று கோர்ட்டில் என்ன நடந்தது என்று இரண்டு வரி இருக்கும்: 'பி.டபிள்யூ.1 (வாதி தரப்பு முதல் சாட்சி) குறுக்கு விசாரணை முடிந்தது', 'பிரதிவாதி தரப்பு அவகாசம் கேட்டது' என்பது போல. வக்கீலிடம் போகும்போது இதைப் படித்துவிட்டுப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சரி, எங்கள் வழக்கு. தாத்தாவுக்குப் பூர்வீகமாக வந்த நிலம் நாலரை ஏக்கர், ஒரு கிணறு. தாத்தா 1998இல் இறந்தார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: இரண்டு மாமாக்கள், அம்மா. அம்மாவுக்கு 1985இல் கல்யாணம். 2013இல் அம்மா பாகம் கேட்டு முன்சீப் கோர்ட்டில் ஓ.எஸ்., அதாவது அசல் வழக்கு, போட்டார். அண்ணன் தம்பி மேல் வழக்குப் போடுவது லேசான காரியம் இல்லை. ஊரில் என்னென்ன பேச்சு வந்தது என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

ஏன் முன்சீப் கோர்ட்? நேராக ஐகோர்ட்டுக்குப் போனால் சீக்கிரம் முடியுமே என்று உறவினர்கள் கேட்டார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: விசாரிக்க அதிகாரமுள்ள கோர்ட்டுகளில் கடைசிப் படியில் எது இருக்கிறதோ அங்கேதான் வழக்கைத் தொடங்க வேண்டும். சொத்தின் மதிப்பைப் பொறுத்து அது முன்சீப் கோர்ட்டாகவோ சப் கோர்ட்டாகவோ மாவட்ட கோர்ட்டாகவோ இருக்கும். நிலம் இருக்கிற இடம், சாட்சிகள் இருக்கிற ஊர், வி.ஏ.ஓ. ஆபீஸ் எல்லாம் பக்கத்தில் இருக்கிற கோர்ட் அதுதானே.

அந்த முதல் கோர்ட்டின் அருமை அம்மா வழக்கில்தான் எனக்குப் புரிந்தது. மாமாக்கள் பதிலுரையில், 1992இலேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்தாகிவிட்டது, மேற்கே பெரியவருக்கு, கிழக்கே சின்னவருக்கு, அம்மா நகையாக வாங்கிக்கொண்டார் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சாட்சியாகக் கொண்டுவந்தார்கள். முதல் விசாரணையில் அவர் கணீரென்று சொன்னார்: புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம், நடுவில் கல் நட்டோம் என்று. குறுக்கு விசாரணையில் எங்கள் வக்கீல் சத்தம் போடவே இல்லை. "கிணறு எந்தப் பாகத்தில் வருது?" என்று கேட்டார். "மேற்கே" என்றார் பெரியவர். "அப்ப கிழக்கே இருக்கிறவருக்குத் தண்ணி?" பதில் இல்லை. "மோட்டார் கனெக்‌ஷன் யார் பேரில இருந்தது?" தாத்தா பேரில்தான் இருந்தது, அவர் இறக்கிறவரை. "கிஸ்தி யார் கட்டினது?" பெரியவர் மாமா முகத்தைப் பார்த்தார். நீதிபதி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

சாட்சி எப்படி நடந்துகொள்கிறார் என்பதை நீதிபதி குறித்துவைக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நேரில் பார்க்கிற வாய்ப்பு அந்த ஒரு கோர்ட்டுக்கு மட்டும்தான். மேலே இருக்கிற எல்லா கோர்ட்டும் தட்டச்சு செய்த வாக்குமூலத்தைத்தான் படிக்கும். 2016 தீர்ப்பில் வாய்மொழிப் பாகம் நிரூபிக்கப்படவில்லை என்று வந்தது. அதற்குப் பிறகு வழக்கு எத்தனை படி ஏறியும் அந்த முடிவு அசையவில்லை.

ஆனால் அதே தீர்ப்பில் அம்மாவுக்குக் கொடுத்த பங்கு ஒன்பதில் ஒன்று. நாலரை ஏக்கரில் வெறும் ஐம்பது செண்ட். தாத்தா, இரண்டு மகன்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. தாத்தாவின் அந்த மூன்றில் ஒன்றை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் அம்மாவுக்கு ஒன்பதில் ஒன்று. மகளுக்குப் பிறப்பிலேயே சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்லியிருக்கிறதே என்றால், பிரகாஷ் எதிர் பூலாவதி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்கள்: திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும். தாத்தா 1998இலேயே போய்விட்டார். தமிழ்நாட்டின் 1989 திருத்தமும் அம்மாவுக்கு உதவவில்லை, அது வருவதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை.

அம்மா அன்று ரொம்ப உடைந்துபோனார். ஆனால் அந்த முன்சீப்பை நான் இன்றுவரை குறை சொல்லமாட்டேன். அரசமைப்புச் சட்டத்தின் 141ஆம் பிரிவுப்படி உச்ச நீதிமன்றம் அறிவிக்கிற சட்டம் நாட்டின் எல்லா கோர்ட்டையும் கட்டுப்படுத்தும். அவருக்கு மனசில் என்ன தோன்றியிருந்தாலும் அந்தத் தீர்ப்பைத் தாண்டி எழுத முடியாது. முடிந்தால் என்ன ஆகும்? வேடசந்தூரில் மகளுக்கு ஒரு சட்டம், நத்தத்தில் இன்னொரு சட்டம் என்று ஆகும்.

தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டோம். இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். செயலியில் தீர்ப்பின் பிரதியை இறக்கிக்கொள்ளலாம், படிக்க அருமையாக இருக்கும். ஆனால் அது சான்றிட்ட நகல் ஆகாது. மாவட்ட அளவில் இருக்கிற கோர்ட்டுகளுக்கு அப்பீல் போட 30 நாள், ஐகோர்ட்டுக்கு 90 நாள். நகல் தயாராவதற்குப் பிடித்த நாட்களைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள், ஆனால் நகல் மனு போட்டால்தான் அந்தக் கழிவு. செயலியில் பிரதி வந்துவிட்டதே என்று சும்மா இருந்தால் கெடு ஓடிவிடும். பிறகு தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட்டு, அதற்கே தனியாக வாய்தா நடக்கும்.

அடுத்து சப் கோர்ட்டில் ஏ.எஸ்., அதாவது முதல் மேல்முறையீடு. இந்தப் படியில் சட்டமும் பேசலாம், நடந்த விஷயமும் பேசலாம். சாட்சியத்தை ஆதியோடந்தமாக மறுபடி எடைபோட அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மாமாக்களும் வாய்மொழிப் பாகத்தை மறுபடி கிளப்பினார்கள். முன்சீப் கோர்ட் ஒவ்வொரு எழுவினாவுக்கும், அதாவது வழக்கில் தீர்க்க வேண்டிய ஒவ்வொரு கேள்விக்கும், தனித்தனியாகக் காரணம் எழுதி முடிவு சொல்லியிருந்தது. மேலே ஒருவர் உட்கார்ந்து இதை வரி வரியாகப் படிப்பார் என்பது தெரிந்துதான் கீழே இப்படி எழுதுகிறார்கள். சப் ஜட்ஜ் அந்தக் காரணங்களைப் படித்துப் பார்த்துச் சரி என்றார். ஒரு மனிதர் தனி அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தால் கேட்பார் இல்லை என்கிற நிலை வராமல் இருக்க இதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

பங்கு விஷயம்தான் சிக்கல். நடுவில், 2018 பிப்ரவரியில், தனம்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் வேறு இரு நீதிபதிகள், தகப்பனார் 2001இலேயே இறந்திருந்தும் மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தார்கள். இப்போது உச்ச நீதிமன்றத்திலிருந்தே இரண்டு தீர்ப்பு, இரண்டும் இரு நீதிபதிகள் சொன்னது, இரண்டும் இரண்டு பக்கம். சப் கோர்ட் 2019இல் பழைய ஒன்பதில் ஒன்றையே உறுதி செய்தது.

இந்த இடத்தில் செயலியின் ஒரு பெரிய குறையைச் சொல்லவேண்டும். கோர்ட் மாறினால் சி.என்.ஆர். எண்ணும் மாறிவிடும். ஒரே குடும்பம், ஒரே நிலம், ஒரே சண்டை, ஆனால் செயலிக்கு இது மூன்று வழக்கு. கீழே உள்ள வழக்கின் பக்கத்தைத் திறந்தால் 'முடிந்தது' என்று நிற்கும். அதன் மேல் அப்பீல் நடக்கிறதா என்பதற்கு அங்கே தடயம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் தேடிப் பார்த்துவிட்டு "உங்க கேஸ்தான் முடிஞ்சிருச்சாமே" என்று கேட்டால் அவர் மேல் தப்பில்லை. மேலிருந்து கீழே பார்ப்பது சுலபம்: ஐகோர்ட் பக்கத்தில் கீழமை நீதிமன்ற விவரம் என்று ஒரு பகுதி உண்டு, எந்த கோர்ட், எந்த எண், எந்தத் தேதித் தீர்ப்பு என்று அதில் இருக்கும். கீழிருந்து மேலேயும் அப்படி ஓர் இணைப்புக் கொடுத்தால் சாதாரண ஜனங்களுக்குப் பெரிய உதவி. அதுவரை மூன்று எண்ணையும் 'என் வழக்குகளில்' தனித்தனியாகச் சேர்த்துக்கொள்வதுதான் வழி.

இன்னொன்று. அப்பீல் போட்டதாலேயே கீழ்க் கோர்ட் உத்தரவு நின்றுவிடாது. தடை உத்தரவு தனியாக வாங்க வேண்டும். நாங்கள் ஐகோர்ட் போன சமயம் மாமாக்கள் கீழே ஒன்பதில் ஒன்று கணக்கில் நிலத்தை அளந்து பிரிக்க மனுப் போட்டுவிட்டார்கள். பழைய ஓ.எஸ். எண்ணைச் செயலியில் பார்த்துக்கொண்டே இருந்ததால் எனக்கு உடனே தெரிந்தது. வக்கீலிடம் சொல்லி ஐகோர்ட்டில் தடை வாங்கினோம். செயலியால் எங்களுக்குக் கிடைத்த நேரடிப் பலன் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஐகோர்ட்டில் எஸ்.ஏ., இரண்டாம் மேல்முறையீடு. மதுரைக் கிளையில் என்றால் எண்ணோடு 'எம்.டி.' என்று சேர்ந்து வரும், தேடும்போது சென்னையைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். 2004 ஜூலை 24 அன்று திறந்த கிளை அது. அதற்கு முன்பு கன்னியாகுமரிக்காரரும் சென்னைக்குத்தான் ராத்திரி பஸ் ஏற வேண்டும். அம்மா திண்டுக்கல்லிலிருந்து காலையில் கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்ப முடிந்ததே அந்தக் கிளையால்தான்.

'சேர்க்கைக்கு' என்று செயலியில் ரொம்ப நாள் காட்டும். அம்மாவுக்கு அது புரியவே இல்லை, வழக்கைத்தான் எடுத்துக்கொண்டார்களே என்பார். எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவில் போகிற இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் ஐகோர்ட் உள்ளேயே விடும். அந்தக் கேள்வியைக் கோர்ட்டே எழுதிவைக்க வேண்டும். 1976 திருத்தத்தில் இதை இறுக்கினார்கள். சாட்சி பொய் சொன்னான், கல் நட்டது அங்கே இல்லை இங்கே என்பதெல்லாம் பொதுவாக அங்கே எடுபடாது. மாமாக்களின் வக்கீல் புளியமரத்தடியைப் பற்றி ஆரம்பித்தபோது நீதிபதி, அதைத்தான் இரண்டு கோர்ட் முடிவு செய்துவிட்டதே என்று நிறுத்திவிட்டார். எங்களுக்கு இருந்தது ஒரே கேள்வி: தகப்பன் 2005க்கு முன்பே இறந்திருந்தால் மகளுக்குச் சம பங்கு உண்டா, இல்லையா? அதை எழுதிக்கொண்டு வழக்கைச் சேர்த்தார்கள்.

அப்புறம் 2020 ஆகஸ்ட் 11. வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா. இரு நீதிபதிகள் அமர்வு இரண்டும் முரண்பட்டதால் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து தீர்த்துவைத்தார்கள்: மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்கிற முதல்நிலைத் தீர்ப்பாணை வந்துவிட்ட வழக்காக இருந்தாலும், நிலத்தைப் பிரித்துக்கொடுக்கிற இறுதித் தீர்ப்பாணை வராதவரை மகளுக்கு உரிய பங்கைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பேப்பரில் படித்த அன்று அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பீரோவில் வைத்தார்.

மேலே ஒரு கோர்ட் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன். நாட்டில் 25 ஐகோர்ட் இருக்கிறது, அவற்றின் கீழே ஆயிரக்கணக்கான கோர்ட்டுகள். எல்லோரும் ஒரே சட்டத்தை அவரவர்க்குப் பட்டபடி படித்தால் மகளின் பங்கு அவள் பிறந்த ஊரைப் பொறுத்துப் போய்விடும். கடைசியாக ஓர் இடத்தில் ஒரு பதில் வரவேண்டும், அந்தப் பதிலுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும். அந்தக் கடைசி இடம் 1949 வரை லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். நம்முடைய தகராறைக் கப்பலில் அனுப்பி நம் நிலத்தைப் பார்த்தே இராதவர்களிடம் பதில் கேட்டோம். 1950 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லியில் தொடங்கியது.

2022இல் எங்கள் எஸ்.ஏ. அனுமதிக்கப்பட்டது. அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. தாத்தா, இரு மகன்கள், ஒரு மகள் என்று நாலு சம பங்கு, தாத்தாவின் நாலில் ஒன்றில் மூன்றில் ஒரு பாகம், கூட்டினால் மூன்றில் ஒன்று. ஒன்றரை ஏக்கர். தீர்ப்பு செயலியில் ஏறியதும் என் தங்கை கோயம்புத்தூரிலிருந்து படித்துவிட்டு அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினாள்.

பெரிய மாமா டெல்லி வரை போவேன் என்றார். அவருடைய வக்கீலே தடுத்துவிட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 136ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போவது உரிமை அல்ல, அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். மூன்று நீதிபதிகள் இப்போதுதான் தீர்த்துவைத்த அதே கேள்வியை எடுத்துக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆனாலும் முன்ஜாக்கிரதையாக எங்கள் வக்கீல் அங்கே கேவியட் போட்டுவைத்தார், எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாமல் இருக்க. ஜெயித்தவர்கள் அடுத்த படியில் கேவியட் போட மறக்காதீர்கள், 90 நாள் செல்லும். எதிராளி நம் மேல் கேவியட் போட்டிருக்கிறாரா என்று இந்தச் செயலியிலேயே தேட இடம் இருக்கிறது, நிறையப் பேருக்கு இது தெரியாது. உச்ச நீதிமன்ற வழக்குகளை மட்டும் இதில் எதிர்பார்க்காதீர்கள், அதற்குத் தனிச் செயலியும் தளமும் உண்டு.

கிரிமினல் வழக்குக்குப் பாதை வேறு: மாஜிஸ்திரேட், செஷன்ஸ், ஐகோர்ட். அது எனக்கு அனுபவம் இல்லாத பக்கம். செஷன்ஸ் கோர்ட் மரண தண்டனை விதித்தால் ஐகோர்ட் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது என்ற ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், அப்பீல் போட ஆள் இல்லாத ஏழைக்கும் இரண்டாவது தடவை ஒருவர் வழக்குக் கட்டைப் பிரித்துப் படித்தாக வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

ஐகோர்ட் தீர்ப்போடு நிலம் கைக்கு வந்துவிடவில்லை. இறுதித் தீர்ப்பாணைக்கு மறுபடி அதே முன்சீப் கோர்ட்தான், பழைய ஓ.எஸ். எண்ணிலேயே ஐ.ஏ.வாக, அதாவது இடைமனுவாக. மேலே எந்தப் படியில் ஜெயித்தாலும் நிறைவேற்றுவது கீழே உள்ள கோர்ட். கோர்ட் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடு வந்தார். எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தை விரித்துவைத்துச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். கிணறு யாருக்கும் தனியாக வராமல் மூன்று பேருக்கும் முறைத் தண்ணீர் என்று பிளானில் குறித்தார். சின்ன மாமா அன்று அம்மாவுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். கமிஷனர் அறிக்கைக்கு ஆட்சேபணை சொல்ல வாய்தா போட்டிருக்கிறது.

ஆக, செயலிக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். வாய்தா வரலாறு, உத்தரவுப் பிரதி, கேவியட் தேடல் மூன்றும் பிரமாதம். கீழ்க் கோர்ட்டிலிருந்து மேல் கோர்ட்டுக்கு இணைப்பு இல்லாததற்காக ஒன்றைக் குறைத்தேன். போன் மாற்றுகிறவர்கள் 'என் வழக்குகள்' பட்டியலை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியல் போனுக்குள்தான் இருக்கிறது, புதுப் போனில் தானாக வராது. எல்லா சி.என்.ஆர். எண்ணையும் ஒரு நோட்டிலும் எழுதி வீட்டில் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தக் கோர்ட், ஓ.எஸ்.ஸா ஏ.எஸ்.ஸா எஸ்.ஏ.வா என்று குறித்து.